முதலாம் சங்கிலி மன்னனும் மன்னாரும்

மாணவர்களே, யாழ்ப்பாண இராச்சியத்தைச் சங்கிலி என்ற பெயருடைய இருவர் ஆண்டனர். 1619 இல் போர்த்துக்கேயரிடம் இராச்சியத்தை இழந்தவன் பிந்திய சங்கிலி குமாரன். நீங்கள் இங்கு கற்பது முதலாம் சங்கிலியை (1519 - 1561) ஆகும். விடையில் இருவரையும் மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்க வேண்டாம்.

பட்டத்துக்குரிய மூத்தவர்களை விலக்கியே சங்கிலி அரசனானான் என யாழ்ப்பாண வைபவமாலை கூறும். அது 18 ஆம் நூற்றாண்டு நூல். அதன் எல்லாச் செய்திகளையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அரச குடும்பம் பிளவுபட்டிருந்தது உண்மை. அரசுரிமை கோரிய சகோதரன் போர்த்துக்கேயரின் உதவியை நாடினான்.

இந்தப் பூசலில் அந்நியர் ஏன் அக்கறை கொண்டனர்? யானை ஏற்றுமதியும் பாக்குநீரிணை வர்த்தகமும் அரசனின் திறைசேரியை நிரப்பின. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பும் பெருவருமானம் தந்தது. எதிர்க்கரையில் 1530 களில் பரவர் கத்தோலிக்கராகியதும் அங்குள்ள முத்துக்குளிப்பு போர்த்துக்கேயரின் பாதுகாப்பின்கீழ் வந்ததைச் சங்கிலி அறிந்திருந்தான்.

1544 இல் மன்னார் மக்களின் அழைப்பை ஏற்றுப் பிரான்சிஸ் சவேரியார் ஒரு குருவை அனுப்பினார். பலர் ஞானஸ்நானம் பெற்றனர். குடிகளின் விசுவாசமும் வருமானமும் கைமாறும் என அஞ்சிய சங்கிலி படையுடன் வந்தான். சுமார் 600 பேர் கொல்லப்பட்டனர். அரசனின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இக்கொடுமைக்கு அது நியாயமாகாது. கொல்லப்பட்டோரை மன்னார்க் கத்தோலிக்கர் இன்றும் வேதசாட்சிகளாகப் போற்றுகின்றனர்.

உடனே படையெடுப்பு வந்திருக்கும் என நீங்கள் எண்ணலாம். அப்படி நடக்கவில்லை. பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் உடைந்து, சரக்கு சங்கிலியின் கையில் சிக்கியிருந்தது. முதலில் சரக்கை மீட்கவேண்டும் என்ற கருத்தே போர்த்துக்கேயரிடம் மேலோங்கியது!

1560 இல் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தினோ த பிரகன்சா நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி தப்பியோடினான். ஆனால் மக்கள் கிளர்ந்தெழுந்ததால் போர்த்துக்கேயர் நல்லூரைக் கைவிட நேர்ந்தது. திரும்பும் வழியில் மன்னார்த் தீவைப் பிடித்து, கோட்டை கட்டி, எதிர்க்கரைப் பரவரையும் குடியேற்றினர். பாலத்தைக் கடந்து தீவினுள் நுழையும்போது நீங்கள் காணும் கோட்டை, அதனைப் பின்னர் ஒல்லாந்தர் திருத்திக் கட்டியதாகும்.

தலைநகர் மீண்டது, முத்துக் கடல் மீளவில்லை. 1561 இல் சங்கிலியின் ஆட்சி முடிந்து, மகன் புவிராச பண்டாரம் அரசனானான். யாழ்ப்பாண அரசு 1591 இல் மன்னார்க் கோட்டையை மீட்க எடுத்த முயற்சியும் தோல்வியுற்றது.