வெள்ளிக்காசு வாங்காத வைத்தியர்

வைத்தியம் சேவையா, வியாபாரமா என்ற வினா நமது காலத்தில் மட்டும் எழுந்த ஒன்றன்று. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர், சின்ன ஆசியாவின் நிக்கோமீடியா நகரில் வாழ்ந்த ஓர் இளம் வைத்தியருக்கு அவ்வினா உயிரையே விலையாகக் கேட்டது. அவர்தாம் புனித பந்தலேயோன். கிறிஸ்தவ உலகின் கிழக்குத் திருச்சபைகளும் மேற்குத் திருச்சபைகளும் ஜூலை 27ஆம் திகதியை அவரது நினைவு நாளாகக் கொள்கின்றன. எனினும் அவரது வாழ்வு ஒரு சமயத்தவருக்கு மட்டும் உரிய பாடமன்று என்பதே நமது கருத்தாகும்.

நிக்கோமீடியா என்பது இன்றைய துருக்கியின் இஸ்மித் நகரமாகும். 1999 ஆகஸ்ட் 17ஆம் திகதி ஏற்பட்ட பெரும் பூகம்பத்தினால் உலகம் அறிந்த அதே இஸ்மித்தான். உரோமச் சக்கரவர்த்தி டயோக்கிளீசியன் இந்நகரையே தமது கீழைத் தலைநகராகக் கொண்டிருந்தார். கி.பி. 303 பெப்ரவரி 23ஆம் திகதி இங்கிருந்த கிறிஸ்தவ ஆலயம் அரச படையினரால் தரைமட்டமாக்கப்பட்டது. மறுநாள் கிறிஸ்தவர்களுக்கு எதிரான அரச கட்டளை பகிரங்கமாக ஒட்டப்பட்டது. உரோம சாம்ராச்சியத்தில் கிறிஸ்தவர்கள் அனுபவித்த மிகக் கொடிய துன்புறுத்தலின் தொடக்கம் அதுவே. பந்தலேயோன் மடிந்தது இக்காலப் பகுதியில், ஏறக்குறைய 305ஆம் ஆண்டில் என்பர்.

அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் வாழ்க்கைக் கதைகள் பிற்காலத்தில் எழுதப்பட்டவை. வரலாற்றோடு பக்தியும் கலந்தவை. ஆயினும் ஒரு சமூகம் தனது வைத்தியர் எவ்வாறு இருக்க வேண்டுமென விரும்பியது என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

அம்மரபின்படி, தந்தை எவுஸ்தோர்கியுஸ் பழைய தெய்வங்களை வழிபட்ட செல்வந்தர். தாய் எவுபுலா கிறிஸ்தவர். தாயை இளமையிலேயே இழந்த பந்தலேயோன், எவுப்ரோசினுஸ் என்ற புகழ்பெற்ற வைத்தியரிடம் கல்வி கற்று அரசவையின் கவனத்தைப் பெற்றார். அன்றைய வைத்தியக் கல்வி கிரேக்க மேதைகளான ஹிப்போகிரட்டீஸ், கேலன் ஆகியோரின் வழிவந்தது. கேலனை முஸ்லிம் அறிஞர்கள் ஜாலினூஸ் என அழைத்தனர். நம் நாட்டில் இன்றும் பயிலப்படும் யுனானி வைத்தியத்தின் வேர்களும் அங்கேயே உள்ளன என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

தலைமறைவாக வாழ்ந்த ஹெர்மொலாவுஸ் என்னும் முதிய குருவானவரின் தொடர்பு இளைஞரின் உள்ளத்தை மாற்றியது. பாம்பு தீண்டி மாண்ட சிறுவன் ஒருவன் தமது பிரார்த்தனையால் எழுந்ததைக் கண்டு அவர் ஞானஸ்நானம் பெற்றார் என்றும், பார்வையற்ற ஒருவர் அவரால் பார்வை பெற்றதைக் கண்டு தந்தையும் மனம் மாறினார் என்றும் மரபு கூறுகின்றது. அற்புதங்களை ஏற்பதும் விடுவதும் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால் அடுத்து அவர் செய்ததாகச் சொல்லப்படுவதற்கு அற்புதம் எதுவும் தேவையில்லை. தந்தையின் மறைவுக்குப் பின் தம் வீட்டு அடிமைகளை விடுவித்தார். சொத்துக்களை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். சிறையில் வாடியோரைத் தேடிச் சென்றார். எவரிடமும் கூலி வாங்காது வைத்தியம் செய்தார்.

அதுவே அவருக்கு வினையாயிற்று. நோயாளர் அனைவரும் அவரை நாடிச் செல்லவே, சக வைத்தியர்கள் பொறாமை கொண்டனர். கிறிஸ்தவர் என்று அவரை அரசனிடம் காட்டிக் கொடுத்தவர்கள் அவர்களே. சமயத்தைக் கைவிட்டால் பதவியும் சலுகையும் நிலைக்கும் என்று கூறப்பட்டபோதும் அவர் இணங்கவில்லை. சித்திரவதைகளின் பின் ஒலிவ மரமொன்றில் கட்டப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டார். தம்மைக் கொல்ல வந்த படைவீரர்களுக்காகவும் அவர் பிரார்த்தித்தமையால், அனைவர்க்கும் இரங்குபவர் எனப் பொருள்படும் பந்தலேயிமோன் என்ற பெயர் அவருக்கு வாய்த்தது என்பர்.

அவரைக் கொல்வித்த அரசனை மரபுக் கதை மாக்சிமியன் என்கின்றது. அக்காலத்தில் கீழைப் பகுதியை ஆண்ட கலேரியஸின் முழுப் பெயரிலும் மாக்சிமியானுஸ் என்பது உண்டு. இந்தக் கலேரியஸ் 311ஆம் ஆண்டில் கொடிய நோயினால் மாண்டமை வரலாறு. பல திசைகளிலிருந்தும் அழைக்கப்பட்ட வைத்தியர்களால் அவரைக் குணப்படுத்த முடியவில்லை. குணப்படுத்த இயலாத வைத்தியர் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் எவுசேபியஸ் எழுதியுள்ளார். இறக்கும் தறுவாயில், துன்புறுத்தலை நிறுத்திக் கட்டளை பிறப்பித்த கலேரியஸ், தமது நலனுக்காகப் பிரார்த்திக்குமாறு அதே கிறிஸ்தவர்களிடம் வேண்டினார். குணமாக்கும் கரங்களை வெட்டிய அதிகாரம் ஈற்றில் குணமாக்க எவருமின்றித் தவித்தது.

கிரேக்க நாட்டின் அதோஸ் மலையிலுள்ள ரஷ்யத் துறவிகளின் மடம் இன்றும் பந்தலேயோனின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஜேர்மனியின் கொலோன் நகரில் அவர் பெயரால் அமைந்த ஆலயத்தில், 991இல் காலமான பேரரசி தியோபானு அடக்கம் செய்யப்பட்டுள்ளார். கிழக்குத் திருச்சபையினர் அவரையும், கோஸ்மாஸ், தமியான் என்ற வைத்தியச் சகோதரர்களையும் வெள்ளிக்காசு வாங்காதோர் எனப் பொருள்படும் பட்டத்தால் போற்றுகின்றனர்.

வெனிஸ் நகரில் இப்பெயர் பெருவழக்காக இருந்தமையால், இத்தாலிய நாடக மேடையின் கருமி வியாபாரிப் பாத்திரத்துக்கும் பந்தலோனே என்ற பெயர் வந்தது என்றும், அப்பாத்திரம் அணிந்த நீண்ட காற்சட்டையிலிருந்தே பாண்ட்ஸ் என்னும் சொல் பிறந்தது என்றும் சொல்லாய்வாளர் கூறுவர். காசு வாங்காதவரின் பெயர் கருமிக்குச் சென்றதும் காலத்தின் விந்தையே.

வைத்தியர்கள் ஊதியமின்றி உழைக்க வேண்டுமென நாம் கூற வரவில்லை. அவர்களுக்கும் குடும்பம் உண்டு. உரிய ஊதியம் வழங்குவது அரசின் கடன். ஆனால் நோயாளரின் நாடியைப் பிடிக்கும் முன் அவரது பணப்பையைப் பார்க்கும் வழக்கம் ஒரு சமூகத்தில் இயல்பாகிவிட்டால், அங்கே வைத்தியம் இருக்கலாம், இரக்கம் இராது. பந்தலேயோனுக்கு எதிராக முதலில் எழுந்தது அரசனின் வாளன்று, சக தொழிலாளரின் நாவே என்பதையும் மறத்தலாகாது. நேர்மையாகப் பணிபுரியும் ஒருவரைத் தனிமைப்படுத்தாது அவருக்குத் துணை நிற்பதே அந்த இளம் வைத்தியருக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான அஞ்சலியாகும்.