பிரித்தவர், பூட்டியவர்: ஜி.டி. நாயுடு

தூத்துக்குடியின் தென்புறத்தில் முள்ளக்காட்டுப் பக்கம் போனவர்களுக்கு உப்பளங்கள் தெரியும். நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் பாய்ச்ச அங்கே மோட்டார் பம்புகள் வேண்டும். உப்புக் காற்றில் அவை அடிக்கடி பழுதாகும். அவற்றைச் சரிசெய்வதே என் தந்தையாரின் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். அவர் கையில் வரும் மோட்டார்களில் பலவற்றின் தகட்டில் கோயம்புத்தூர் என்ற ஊர்ப்பெயர் இருக்கும். சிறுவயதிலிருந்தே அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால், அந்த ஊருக்கும் மோட்டாருக்கும் என்ன உறவு என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

எங்கள் வீட்டில் ஒரு யெஸ்டி இருக்கிறது. தந்தையார் யாரிடமோ பழையதாக வாங்கியது. கருவிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு உப்பளம் உப்பளமாக அதில்தான் போய் வந்தார். அதைச் செய்த மைசூர்த் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. அதன் பிறகு உதிரிப் பாகங்கள் அரிதாயின. ஒருநாள் நின்ற வண்டி, நின்றதுதான். பல ஆண்டுகள் வேப்பமரத்தடியில் சாக்குப் போர்த்திக் கிடந்தது.

முதலாண்டு முடிந்த விடுமுறையில் நான் அதைப் பிரித்தேன். இயற்பியல் படிக்கிறோம், இது என்ன பெரிய காரியம் என்ற எண்ணம். பிரிப்பது இரண்டு நாளில் முடிந்தது. பூட்டத் தெரியவில்லை. எது எங்கிருந்து வந்தது என்றே விளங்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தகர டின்களில் அள்ளிப் போட்டுவிட்டுக் கல்லூரிக்கு வந்துவிட்டேன். தந்தையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அந்தப் படிப்பு அவருடைய வண்டியைக் கெடுக்கத்தான் பயன்பட்டது.

அந்த மனநிலையில்தான் நூலகத்தில் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையைப் படித்தேன்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. காட்டு வேலை செய்துகொண்டு, கிடைத்ததைப் படித்துக்கொண்டு வளர்ந்தார்.

அவர் இளைஞராக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அப்பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. அது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட ரட்ஜ், 1912ஆம் ஆண்டு வண்டி. ரட்ஜ் நிறுவனம் தானே செய்த மோட்டார் சைக்கிளை விற்கத் தொடங்கியதே 1911இல்தான். அப்படியானால், கொங்குநாட்டுச் சிற்றூரில் அதன் உள்ளுறுப்புகளைப் பற்றிச் சொல்லித்தர யார் இருந்திருப்பார்கள்?

அந்த வண்டி வேண்டும் என்று துணிந்தார். கையில் பணம் இல்லை. கோவைக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் காசு சேர்த்தார். சேர்த்த சில நூறு ரூபாயைக் கொண்டுபோய் அதே அதிகாரியிடம் அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றவில்லை, வண்டியைப் பிரித்தார். ஆணி ஆணியாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார்; திரும்பப் பூட்டினார். ஓட்டுவதற்காக அன்று, அறிவதற்காக வாங்கிய வண்டி அது எனலாம். அக்காலத்து ரட்ஜில் ஒற்றைச் சிலிண்டர் இருந்தது. சங்கிலிக்குப் பதிலாக ஒரு பெல்ட் பின்சக்கரத்தைச் சுழற்றியது. ஓர் உறுப்பு உடைந்தால் மாற்று உறுப்பு கப்பலேறி வர வேண்டிய காலம். அப்படிப்பட்ட காலத்தில் துணிந்து பிரித்தவர், பொறுமையாகப் பூட்டவும் செய்தார். இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் வீட்டுத் தகர டின்கள் என் கண்முன் வந்தன. அவருக்கு அப்போது ஏறத்தாழ என் வயதுதான் இருக்கும்.

அதன்பின் அவர் வாழ்வு நேர்க்கோட்டில் சென்றுவிடவில்லை. பருத்தித் தொழிலில் பொருள் ஈட்டினார். பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் அதை இழந்தார். மீண்டும் கீழிருந்து தொடங்கினார். கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்கு உதவினார். 1920இல் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பேருந்து வளர்ந்து யு.எம்.எஸ். என்று மக்கள் அழைத்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆயிற்று.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மோட்டார் தேவைப்பட்டது. அதுவரை அவை வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தன. 1937இல் பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலையில் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் செய்தனர். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. பின்னாளில் கோவை, மோட்டார்களின் ஊராகவே ஆகிவிட்டது. முள்ளக்காட்டு உப்பளத்தில் என் தந்தையார் திறந்து மூடும் மோட்டாரின் கதை இதுதான் என்று அறிந்தபோது ஏற்பட்ட வியப்பைச் சொல்லி முடியாது.

மின்கலத்தில் ஓடும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, வாக்குப் பதிவு செய்யும் பொறி என்று அவர் செய்தவை பல. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் செல்லும் கார் ஒன்றை உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காததால் அது நின்றுபோயிற்று.

கல்விக்கு அவர் செய்த தொண்டும் பெரிது. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் அவர் கொடையால் எழுந்தன. பொறியியல் கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. தொடக்க வகுப்பைத் தாண்டாத ஒருவர் அதன் முதல்வராக இருந்தார்! நான்காண்டுப் படிப்பு நீளம், இரண்டாண்டே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகினார்.

அவர் செய்தவை அனைத்தும் எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். 1950களில் வரிச்சுமையையும் அரசின் போக்கையும் எதிர்த்து, தாம் செய்த பொருள்களை மக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். அவருடைய கோபம் புரிகிறது. ஆயினும் மூன்றாண்டு எச்சில் இலை எடுத்து ஒரு வண்டியை வாங்கிப் பூட்டிப் பார்த்த கை, பூட்ட முடியாதபடி உடைத்ததே என்று மனம் வருந்துகிறது. பிரித்தது மீண்டும் சேரும், உடைத்தது சேராது.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பெயரிலான தொழிற்காட்சிக்கூடம் கோவை அவிநாசி சாலையில் இருக்கிறது.

நூலைத் திருப்பிக் கொடுத்த வாரமே நான் ஊருக்குப் போய் அந்த டின்களைத் தரையில் கொட்டினேன். இம்முறை தந்தையாரிடம் கேட்டேன். அவர் ஒரு சாக்கை விரித்தார். ஒவ்வோர் உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவி, பூட்ட வேண்டிய வரிசையில் அடுக்கி வைத்தார். நான் கழற்றும்போது செய்யாமல் விட்டது அதுதான். ஞாயிறுதோறும் வேலை நடந்தது. பிஸ்டன் வளையம் மதுரையில் கிடைத்தது. காஸ்கெட்டை அட்டையில் நாங்களே வெட்டினோம். ஆனால், கிக்கர் தண்டு சுழலும் புஷ் தேய்ந்திருந்தது. அது மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. கன்மெட்டலில் கடைந்து தரலாம், அளவு வேண்டும் என்றார் லேத் பட்டறைக்காரர். தந்தையார் நகத்தால் தடவியே தேய்மானத்தைச் சொல்லிவிடுவார்; எண்ணாகச் சொல்லத் தெரியாது. வெர்னியர் அளவுகோலில் அளந்து எண்ணைச் சொன்னது நான். தண்டு இறுகாமல் சுழல எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று சொன்னது அவர். இருவரும் சொன்னதைக் கொண்டு அந்தப் புஷ் உருவாயிற்று. ஆய்வகத்தில் மதிப்பெண்ணுக்காக மட்டுமே நான் பிடித்த கருவி, அன்றுதான் என் வீட்டுக்குப் பயன்பட்டது.

பொங்கல் கழிந்த மறுவாரம் வண்டி புகை கக்கி ஓடியது. முதலில் ஓட்டியவர் தந்தையார். முள்ளக்காடு வரை போய்த் திரும்பி வந்தார். வந்து வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார்.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீடுகளில் வலையும் வள்ளமும் உப்புப் பலகையும் திருப்புளியும் பிடித்த கைகள் நம்மைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கின்றன. அக்கைகளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. கல்லூரிப் படியேறியதும் அதை மறந்துவிட்டால் நாம் பாகங்களைப் பிரித்துப் போட்டவர்களாகவே நின்றுவிடுவோம். நாயுடு பள்ளியை விட்டவர், அறிவை விடவில்லை. நமக்குப் பள்ளியும் கிடைத்தது, கல்லூரியும் கிடைத்தது. வீட்டில் இருப்பவர்களிடமும் போய்க் கேட்போம்.