விசிறிக்கு ஈடாகச் சில குண்டூசிகள்

ஜப்பானின் வடபகுதியில் உள்ள யாமகாத்தா மலைநாட்டுக்குத் தனியாகப் போகப்போகிறேன் என்றதும், துணைக்கு யார் வருகிறார்கள் என்றுதான் அம்மா முதலில் கேட்டார். அதற்குப் பதில் தேடியபோதுதான் இசபெல்லா பர்டைப் பற்றிப் படித்தேன். 1878இல் அதே மலைகளைக் குதிரைமேல் கடந்த அவருக்கு அப்போது வயது 46. உயரம் ஐந்தடிக்கும் குறைவு. முதுகுவலி இளமையிலிருந்தே அவருடன் இருந்தது.

1831இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தார். 18 வயதில் முதுகெலும்பருகே இருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள். ஆனாலும் வலி தீரவில்லை. கடற்பயணம் உடலைத் தேற்றும் என்று மருத்துவர் சொன்னதால் 1854இல் அமெரிக்கா சென்றார். வீட்டில் இருந்தால் நோயாளி, பயணத்தில் வேறு ஆள் என்பதே அவர் வாழ்க்கையானது. ஹவாயியில் எரிமலை ஏறினார். அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பனியில் குதிரை ஓட்டினார்.

ஜப்பானில் அந்தக் காலத்தில் துறைமுக நகரங்களைத் தாண்டிச் செல்ல வெளிநாட்டினருக்குத் தனி அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டு, இத்தோ என்ற இளம் மொழிபெயர்ப்பாளருடன் ஜூன் மாதம் தோக்கியோவிலிருந்து புறப்பட்டார். முதல் சில இரவுகளில் அச்சம் அவரை வாட்டியது. விடுதி அறைகளுக்குக் காகிதக் கதவுகள்தான். கதவின் ஓட்டைகளில் கண்கள் தெரிந்தன. ஆய்சு பகுதியில், மலையைப் பார்க்க அவர் தொலைநோக்கியை எடுத்தபோது, துப்பாக்கி என நினைத்துக் கூட்டமே சிதறி ஓடியது. அச்சம் இரு பக்கமும் இருந்திருக்கிறது!

ஒரு நாள் வழியில் ஒரு தோல்வார் தொலைந்துபோனது. இருட்டிய பிறகும் குதிரைக்காரர் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் திரும்பிப் போய்த் தேடி எடுத்துவந்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜூலையில் பல கணவாய்களைத் தாண்டி யாமகாத்தாவின் தெனோகோ கிராமத்தை அடைந்தார். வெயிலில் அவர் வாடியிருந்ததைக் கண்ட ஒரு வீட்டுப் பெண்கள் ஒரு மணி நேரம் விசிறிவிட்டார்கள். பணம் கொடுத்தபோது மறுத்ததோடு, இனிப்புப் பொட்டலமும் தந்தார்கள். வீட்டுக்காரர் தம் பெயரை எழுதிய விசிறியைக் கொடுத்தார். பதிலுக்குக் கொடுக்க இசபெல்லாவிடம் இருந்தவை சில குண்டூசிகள் மட்டுமே. அங்கிருந்தவர்கள் அதுவரை குண்டூசியைப் பார்த்ததில்லை. கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அதன்பின் அவர் கண்ட யோனெசாவா சமவெளி, உழுபவர்களுக்கே சொந்தமான, தோட்டம்போலப் பராமரிக்கப்பட்ட வயல்களாகக் காட்சியளித்தது.

அவருடைய எழுத்து முழுவதும் எனக்குப் பிடித்ததாகச் சொல்லமாட்டேன். ஏழைக் கிராமத்தினரின் தோற்றத்தையும் அழுக்கையும் பற்றி இரக்கமின்றி எழுதிய இடங்கள் உண்டு. வழி கேட்டு, விலை பேசி, அவரைக் கொண்டுசேர்த்த இத்தோவைக் குறைகூறிய இடங்களும் உண்டு. ஆனால் தம் அச்சங்கள் ஆதாரமற்றவை என்பதைப் பிறகு அவரே ஒப்புக்கொண்டு அச்சிட்டார். எல்லாருக்கும் அந்த நேர்மை வாய்ப்பதில்லை.

ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில், 1879இன் தொடக்கத்தில், நம் பக்கமும் வந்தார். சிங்கப்பூர், மலாக்கா, சிலாங்கூர், பேராக் என்று சுற்றினார். கோலகங்சாரில் ஆங்கிலேய அதிகாரியின் வீட்டில் இரண்டு குரங்குகளுடன் ஒரே மேசையில் உணவருந்தினார்!

ஜப்பான் பயண நூல் வெளிவந்த 1880இலேயே, யாருக்குக் கடிதங்களாக அதை எழுதினாரோ அந்தத் தங்கை ஹென்ரியெட்டா இறந்தார். 1881இல் மணந்த கணவரும் ஐந்தே ஆண்டுகளில் மறைந்தார். இருவர் நினைவாகவும் காஷ்மீரிலும் பஞ்சாபிலும் மருத்துவமனைகள் எழக் காரணமானார். 1892இல் பிரிட்டனின் அரச புவியியல் சங்கம் முதன்முறையாகச் சேர்த்துக்கொண்ட பெண்களில் அவரும் ஒருவர். 1904இல் எடின்பரோவில் காலமானார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். இசபெல்லாவும் உண்மையில் தனியாகப் போகவில்லை. இத்தோவும், குதிரைக்காரரும், விசிறிய பெண்களும் துணையாக இருந்தார்கள் என்றேன். அம்மாவின் கவலை தீர்ந்துவிடவில்லை. ஆனால் இம்முறை வேறொரு கேள்வி கேட்டார்: அங்கே உதவுகிறவர்களுக்குக் கொடுக்க நான் என்ன எடுத்துப்போகிறேன் என்று.