குழந்தையிடம் கற்ற ஆசிரியர்

ஜொகூர் பாருவில் சில பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்னும் சொல்லைக் காணலாம். பலர் அதை ஒரு கற்பித்தல் முறையின் பெயராக மட்டுமே அறிவர். ஆனால், அது குழந்தைகளுக்காகவே வாழ்ந்த ஒரு பெண்மணியின் பெயராகும்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதை அக்காலச் சமுதாயம் ஏற்கவில்லை. ஆண் மாணவர்களுடன் சேர்ந்து உடற்கூறு பயில அவருக்கு இடமளிக்கப்படவில்லை, தனியாகவே பயின்றார். எனினும், மனந்தளராது முயன்று 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மருத்துவப் பணியின்போது, அறிவுத்திறன் குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளை அவர் கண்டார். தொட்டும் அடுக்கியும் பயிலத்தக்க பொருள்களைக் கொண்டு அவர்களுக்குக் கற்பித்தார். அவர்களுள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்ற மாணவர்கள் எழுதும் தேர்விலும் தேறினர். எல்லாரும் வியந்தனர். அம்மையாரின் மனத்திலோ வேறொரு கேள்வி எழுந்தது. இக்குழந்தைகளாலேயே இவ்வளவு கற்க முடியுமெனில், மற்றக் குழந்தைகளை முன்னேறவிடாமல் தடுப்பது எது என்று அவர் சிந்தித்தார்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ரோம் நகரின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். அங்கு ஒரு நாள், ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். அம்மையார் மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார். சிறுமி அமர்ந்திருந்த நாற்காலியையே தூக்கி மேசைமீது வைத்தார். அவளுடைய கவனம் சிதறவில்லை. நாற்பது தடவைக்கு மேல் அவ்வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தபின்னரே நிறைவுடன் நிமிர்ந்தாள்.

அந்தக் காட்சி அம்மையாருக்கே பாடமாக அமைந்தது. உருளை தவறான குழியில் இடப்பட்டால் இறுதியில் ஒன்று பொருந்தாமல் எஞ்சும். பிழையைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் தேவையில்லை. குழந்தையே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். அறிவு என்பது ஒருவர் மற்றொருவருக்கு ஊற்றித் தரும் நீரன்று. குழந்தை தன் அனுபவத்தால் தானே கட்டியெழுப்பும் வீடு என்பதை அவர் உணர்ந்தார். கற்றற்கேற்ற சூழலை அமைப்பதும், பொறுமையுடன் உற்றுநோக்குவதும், தேவைப்படும்போது மட்டும் உதவுவதும் ஆசிரியரின் கடமை என வகுத்தார். கற்போர் தம் அறிவைத் தாமே உருவாக்குகின்றனர் என்னும் கோட்பாட்டைப் பின்னர் விரிவாக ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே, சுவிட்சர்லாந்தின் மாண்டிசோரி சங்கத்திற்குத் தலைவராகவும் விளங்கினார்.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, அம்மையார் தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. மாரியோ அகமதுநகர் முகாமில் சிறை வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் அடையாற்று வளாகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. அவருடைய எழுபதாம் பிறந்த நாளையொட்டியே மகன் விடுதலையானார்.

போர் முடியும்வரை தாயகம் திரும்ப இயலாவிடினும், அம்மையார் சோர்ந்துவிடவில்லை. கொடைக்கானலில் பல வயதுக் குழந்தைகளை ஒன்றாகப் பயிலச் செய்தார். செடிகொடிகளையும் உயிரினங்களையும் நேரில் கண்டு, அவற்றிற்கிடையேயுள்ள தொடர்பைக் குழந்தைகளே உணரும் கல்விமுறையை அங்கு வளர்த்தெடுத்தார்.

1946இல் ஐரோப்பா திரும்பிய அவர், 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் காலமானார். ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் மாணவர் ஆர்வத்துடன் கற்றலைத் தொடர்வதே ஆசிரியரின் பெருவெற்றி எனக் கருதியவர் அவர். இன்றும் ஒரு குழந்தை, எவர் உதவியுமின்றித் தன் பிழையைத் தானே கண்டு திருத்தும்போது, அம்மையாரின் பணி அந்த வகுப்பறையில் தொடர்கிறது.