பனிமலை ஏறிய டென்சிங் நோர்கே

மாணவர்களே, மலைகளின் உயரம் கடல் மட்டத்திலிருந்தே கணிக்கப்படுகின்றது. இறக்கக்கண்டிக் கரையில் நாம் நாள்தோறும் காணும் கடலின் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8849 மீற்றர் உயர்ந்து நிற்பது எவரெஸ்ட் சிகரம். பனியைக் கண்டறியாத நமக்கு அது எட்டாத இடம். ஆயினும், அதன் உச்சியை அடைந்த டென்சிங் நோர்கேயின் வாழ்க்கை நமக்கு நன்கு விளங்கக்கூடியது. அது ஒரு கூலித் தொழிலாளியின் விடாமுயற்சியின் கதை.

இளமை

டென்சிங் 1914ஆம் ஆண்டு இமயமலைப் பகுதியில் ஷெர்பா குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தை யாக் எனப்படும் சடைமாடுகளை மேய்ப்பவர். டென்சிங் பாடசாலைக்குச் செல்லவில்லை. பல மொழிகள் பேசுவார். ஆனால் எழுதத் தெரியாது. இளைஞரானதும் வேலை தேடி இந்தியாவின் டார்ஜீலிங் நகருக்குச் சென்றார்.

ஆறு முயற்சிகள்

1935இல் எவரெஸ்ட் சென்ற பிரித்தானியக் குழுவில் சுமை தூக்குபவராகச் சேர்ந்தார். பின்னர் 1936, 1938, 1947 ஆகிய ஆண்டுகளிலும் சென்றார். 1952 மே மாதம், சுவிற்சர்லாந்துக் குழுவைச் சேர்ந்த ரேமண்ட் லம்பேர்ட் என்பவருடன் ஏறத்தாழ 8600 மீற்றர் உயரத்தை அடைந்து திரும்பினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் ஏறியபோது குளிர்காலம் நெருங்கிவிட்டது. கடுங்காற்றும் குளிரும் குழுவைத் திருப்பி அனுப்பின. ஊர் திரும்பிய அவர் மலேரியாக் காய்ச்சலால் மெலிந்துபோனார். ஆயினும் ஆசை மெலியவில்லை.

ஏழாவது பயணம்

1953இல் ஜோன் ஹண்ட் தலைமையில் பிரித்தானியக் குழு புறப்பட்டது. 350இற்கும் மேற்பட்டோர் பொருட்களைச் சுமந்தனர். வழியில் நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹிலாரி பனிப்பிளவில் விழுந்தபோது, டென்சிங் கயிற்றை இறுகப் பிடித்து அவரைக் காத்தார்.

மே 26இல் சென்ற முதல் இருவர் உச்சியை நெருங்கித் திரும்பினர். மே 28இல் ஜோர்ஜ் லோ, அல்பிரட் கிரெகரி, ஆங் நீமா ஆகிய மூவர் கூடாரத்தையும் ஒட்சிசனையும் மேலே சேர்க்க உதவிவிட்டுக் கீழிறங்கினர். அன்றிரவு ஹிலாரியின் சப்பாத்துகள் கல்லைப்போல் உறைந்தன. டென்சிங் சப்பாத்துகளைக் கழற்றாமலே உறங்கியிருந்தார். மறுநாள், மே 29, முற்பகல் 11.30 மணிக்கு இருவரும் உச்சியில் நின்றனர். டென்சிங் இனிப்புப் பண்டங்களைப் பனியிற் புதைத்துக் காணிக்கையாக்கினார்.

முதலில் ஏறியவர் யார்?

கீழிறங்கியதும் மலையினும் கடினமான சோதனை காத்திருந்தது. முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகம் கேட்டது. தானே என்று சொல்லும்படி டென்சிங்கைப் பலர் வற்புறுத்தினர். அவர் இணங்கவில்லை. இருவரும் ஒன்றாகவே அடைந்தோம் என்பதே குழுவின் விடையாக இருந்தது. 1955இல் வெளிவந்த தன் வரலாற்று நூலில், ஹிலாரியே சில அடிகள் முன்னே சென்றார் என்று உண்மையை அவரே வெளிப்படுத்தினார். ஒரே கயிற்றில் கட்டுண்டவர்களுள் முன்னவர் பின்னவர் என்பது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பொய்யாற் பெறும் புகழை அவர் விரும்பவுமில்லை.

பிற்காலம்

1954இல் டார்ஜீலிங்கில் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திற் பயிற்சிப் பணிப்பாளராகி, இளைஞர் பலரை உருவாக்கினார். 1959இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1986 மே 9ஆம் திகதி காலமானார்.

ஆறு முறை திரும்பி வந்தவரே ஏழாம் முறை உச்சியில் நின்றார். அவரை அங்கு சேர்த்தவை விடாமுயற்சியும் பலரது தோள்களும் ஆகும். அவரை என்றும் உயர்த்தி நிற்பது அவரது உண்மையே.

பயிற்சி
1. 1952ஆம் ஆண்டின் இரண்டாம் முயற்சி கைவிடப்பட்டது ஏன்?
2. மே 28இல் கீழிறங்கிய மூவரின் பங்கு யாது?
3. டென்சிங்கின் நேர்மையை விளக்கும் நிகழ்வை ஐந்து வசனங்களில் எழுதுக.