65 டாலர் பங்குக்குள் 95 டாலர்! டிவிடெண்டுக்காக ராக்ஃபெல்லர் கம்பெனியோடு மோதிய பெஞ்சமின் கிரஹாம்... யார் இவர்?

பங்குச்சந்தை என்றாலே பலருக்கும் வாரன் பஃபெட் பெயர்தான் ஞாபகம் வரும். அந்த பஃபெட்டுக்கே கல்லூரியில் பாடம் எடுத்த வாத்தியார்தான் பெஞ்சமின் கிரஹாம்.

கம்பெனி தன் லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் டிவிடெண்ட், அதாவது ஈவுத்தொகை. ஒரு பங்கை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, இந்த டிவிடெண்டை முக்கியமான சோதனையாக வைத்தவர் கிரஹாம். அவர் ஏன் அப்படி யோசித்தார் என்று தெரிய வேண்டுமானால், அவர் வீட்டில் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

கடன் வாங்கி பங்கு வாங்கிய அம்மா

1894 மே 9-ல் லண்டனில் பிறந்தார். அப்போது அவர் பெயர் பெஞ்சமின் கிராஸ்பாம். ஒரு வயதிலேயே குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவுக்கு பீங்கான் சாமான்களை இறக்குமதி செய்து விற்கும் வியாபாரம். பென்னுக்கு ஒன்பது வயதானபோது அப்பா இறந்துவிட, குடும்பம் தடுமாறியது.

அம்மா வீட்டையே தங்கும் விடுதியாக்கிப் பார்த்தார். அது எடுபடவில்லை. அடுத்து, புரோக்கரிடம் கடன் வாங்கி யுஎஸ் ஸ்டீல் பங்குகளை வாங்கினார். 1907-ல் அமெரிக்கச் சந்தையில் பெரும் பீதி கிளம்பி விலை சரிந்ததும், போட்ட பணம் மொத்தமும் போச்சு.

அந்தக் காலத்தில் ஒருநாள் அம்மாவின் செக்கை மாற்ற சிறுவன் பென் வங்கிக்குப் போனான். இந்த அம்மாவை நம்பி 5 டாலர் கொடுக்கலாமா என்று ஊழியர் சக ஊழியரிடம் கேட்டது அவன் காதில் விழுந்தது. அந்த அவமானத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

வாரம் 12 டாலர் சம்பளம்

படிப்பில் பென் கெட்டி. 1914-ல் 20 வயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். ஆங்கிலம், தத்துவம், கணிதம் என மூன்று துறைகளிலும் அவரை ஆசிரியராகச் சேரக் கூப்பிட்டார்கள். ஆனால் வீட்டு நிலைமை வேறு. வால் ஸ்ட்ரீட்டில் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் வாரம் 12 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். முதல் உலகப் போர் சமயத்தில், பழைய பெயர் ஜெர்மன் பெயர் போல இருந்ததால், குடும்பம் கிரஹாம் என்று மாற்றிக்கொண்டது.

தனி ஆளாக ஒரு ரயில் பயணம்

ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் 1911-ல் கோர்ட் தீர்ப்பால் 34 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. அதில் ஒன்று நார்தர்ன் பைப்லைன். 1926-ல் வாஷிங்டனுக்கே போய், பைப்லைன் கம்பெனிகள் அரசு ஆணையத்தில் தாக்கல் செய்திருந்த கணக்குகளைப் புரட்டினார் கிரஹாம்.

நார்தர்ன் பைப்லைன் பங்கின் விலை 65 டாலர். வருடத்துக்கு 6 டாலர் டிவிடெண்ட் தந்தது. அதுவே 9 சதவீதத்துக்கு மேல். ஆனால் அந்தக் கம்பெனி ஒவ்வொரு பங்குக்கும் சுமார் 95 டாலர் மதிப்புள்ள ரயில்வே பாண்டு போன்ற முதலீடுகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது. எண்ணெயைக் குழாயில் அனுப்பும் தொழிலுக்கு அந்தப் பணம் தேவையே இல்லை.

சத்தமில்லாமல் பங்குகளை வாங்கிச் சேர்த்தார். பிறகு நிர்வாகத்தைச் சந்தித்து, உபரிப் பணத்தை உரிமையாளர்களான பங்குதாரர்களுக்கே கொடுத்துவிடச் சொன்னார். பிடிக்கவில்லை என்றால் பங்கை விற்றுவிட்டுப் போகலாம் என்பதுதான் பதில்.

விட்டாரா மனுஷன்? 1927 ஜனவரியில் ரயிலேறி, பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டி என்ற சின்ன ஊரில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கே போனார். அவர் தீர்மானத்தை வழிமொழிய அங்கே ஒரு ஆள் இல்லை. வெறுங்கையோடு திரும்பினார்.

அடுத்த ஒரு வருஷம் மற்ற பங்குதாரர்களைத் தேடிப்பிடித்து ஆதரவு திரட்டினார். 1928 கூட்டத்தில் இயக்குநர் குழுவில் இரண்டு இடங்கள் கிடைத்தன. கம்பெனி இறங்கி வந்தது. ஒரு பங்குக்கு மொத்தம் 70 டாலர் பங்குதாரர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. 65 டாலருக்கு வாங்கியவர்களுக்குப் போட்ட பணத்துக்கு மேலேயே கிடைத்தது, பங்கும் அவர்களிடமே இருந்தது.

அவரும் கையைச் சுட்டுக்கொண்டார்

இவ்வளவு கணக்குப் பார்த்தவர் 1929 சரிவில் தப்பித்தாரா என்றால், இல்லை. அவரும் கடன் வாங்கி முதலீடு செய்திருந்தார். அம்மா செய்த அதே தவறு. 1932-க்குள் அவர் நடத்திய ஃபண்ட் சுமார் 70 சதவீதத்தை இழந்தது. லாபம் வந்தால்தான் அவருக்குப் பங்கு என்பதால் சில ஆண்டுகள் ஃபண்டிலிருந்து வருமானமே இல்லை. பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு சின்ன வீட்டுக்குப் போனார். பாடம் எடுத்தும் எழுதியும் சமாளித்தார். அந்த அடியிலிருந்து எழுந்துதான் 1934-ல் டேவிட் டாட் உடன் சேர்ந்து 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' எழுதினார். 1949-ல் சாதாரண மக்களுக்காக 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' வந்தது.

சாதாரண முதலீட்டாளருக்கு அவர் சொன்னது என்ன?

ரிஸ்க் எடுக்க விரும்பாதவர்களுக்கு, 1973-ல் வந்த பதிப்பில் அவர் கொடுத்த முக்கியமான சோதனைகள் இவை:

* குறைந்தது 20 ஆண்டுகள் ஒரு வருஷம்கூட விடாமல் டிவிடெண்ட் கொடுத்திருக்க வேண்டும்.
* கடந்த 10 ஆண்டுகளில் எந்த வருஷமும் நஷ்டம் இருக்கக் கூடாது.
* அந்த 10 ஆண்டுகளில் ஒரு பங்குக்கான லாபம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வளர்ந்திருக்க வேண்டும்.
* பங்கின் விலை, மூன்று ஆண்டு சராசரி லாபத்தைப் போல 15 மடங்கைத் தாண்டக் கூடாது.
* 10 முதல் 30 கம்பெனிகளில் பணத்தைப் பிரித்துப் போட வேண்டும்.

இந்த வருஷம் டிவிடெண்ட் எவ்வளவு அதிகம் என்ற கேள்வியே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 100 ரூபாய் பங்கு 5 ரூபாய் டிவிடெண்ட் தந்தால் அது 5 சதவீதம். கம்பெனி சிக்கலில் மாட்டி விலை 50 ரூபாயாக விழுந்தால், அதே 5 ரூபாய் 10 சதவீதமாகத் தெரியும். பார்க்க ஆசையாக இருக்கும். அடுத்த வருஷம் அந்த 5 ரூபாயே வராமல் போகலாம். 20 வருஷக் கணக்கு கேட்டால் இந்த மாதிரி கம்பெனிகள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும்.

அப்போ லாபத்தை வெளியே கொடுக்காமல் தொழிலிலேயே போட்டு வளரும் கம்பெனிகள்? அதையும் அவர் ஒதுக்கவில்லை. ஒன்று, லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு டிவிடெண்ட் கொடு. இல்லையென்றால், வைத்துக்கொண்ட பணம் ஒரு பங்குக்கான லாபத்தை நன்றாகக் கூட்டியிருக்கிறது என்று காட்டு. பங்குதாரர்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது இதைத்தான் என்றார்.

சொல்லப்போனால் அவருக்கே பெரிய பணம் கொடுத்தது ஒரு வளர்ச்சிப் பங்குதான். 1948-ல் கெய்கோ என்ற காப்பீட்டுக் கம்பெனியின் பாதியை சுமார் 7 லட்சத்து 12 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். ஒரே இடத்தில் இவ்வளவு பணத்தைப் போட்டது அவருடைய சொந்த விதிக்கே மாறானது. ஆனால் அவரது மற்ற எல்லா முதலீடுகளையும் சேர்த்தாலும் அந்த லாபத்துக்கு ஈடாகவில்லை. இதை அவரே தன் புத்தகத்தில் ஒப்புக்கொண்டார்.

1956-ல் ஃபண்டை மூடிவிட்டு ஓய்வுபெற்றார். 1976 செப்டம்பர் 21-ல் பிரான்சில் 82 வயதில் காலமானார். அவர் சாதாரண முதலீட்டாளருக்காக எழுதிய புத்தகம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அடுத்த முறை யாராவது ஒரு பங்கு நல்ல டிவிடெண்ட் தரும் என்று சொன்னால், எத்தனை வருஷமாகத் தருகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கடன் வாங்கி மட்டும் வாங்காதீர்கள்.

(இது தகவலுக்கான கட்டுரை மட்டுமே. பங்குகளில் முதலீடு செய்யும் முன் நிதி ஆலோசகரைக் கலந்து பேசவும்.)