பதவியைப் பெரிதாக எண்ணாத சாம் ஹூஸ்டன்

விஞ்ஞானப் பட்டதாரியான எனக்கு ஹூஸ்டன் என்றால் விண்வெளி மையம்தான் நினைவுக்கு வரும். அந்நகருக்குப் பெயர் தந்த சாம் ஹூஸ்டனின் சரித்திரத்தை ஓய்வு பெற்ற பிறகே படித்தேன்.

1793-ல் வர்ஜீனியாவில் பிறந்த இவர், 1836 ஏப்ரல் 21-ல் சான் ஜசின்டோவில் மெக்சிகோ படையைச் சுமார் 18 நிமிடங்களில் முறியடித்தார். மறுநாள் பிடிபட்ட சாண்டா அன்னாவைக் கொல்ல இவர் சம்மதிக்கவில்லை. அவ்வாண்டே டெக்சஸ் குடியரசின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஜனாதிபதியானார்.

குடியரசின் கஜானாவோ காலி; காகிதப் பணத்துக்கு மதிப்பில்லை. அமெரிக்காவுடன் இணைய மக்கள் 1836-லேயே வாக்களித்தும், அடிமை முறையுள்ள இன்னொரு மாநிலம் கூடாதென வடபகுதியினர் எதிர்த்ததால் 9 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இரண்டாம் முறை ஜனாதிபதியானபோது ஹூஸ்டன் செலவுகளை வெகுவாகக் குறைத்தார். தம் சம்பளத்தையும் விட்டுவைக்கவில்லை. 1845 டிசம்பர் 29-ல் டெக்சஸ் 28-வது மாநிலமாயிற்று.

1861-ல் அதே டெக்சஸ் பிரிந்து போயிற்று. அப்போது கவர்னராக இருந்த ஹூஸ்டன், தாமே அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆயினும் பிரிவினை அரசுக்குப் பிரமாணம் எடுக்க மறுத்துப் பதவியை இழந்தார். லிங்கன் தர முன்வந்த படையுதவியையும் ரத்தம் சிந்த வேண்டாமென்று ஏற்கவில்லை. போர் முடியுமுன், 1863-ல் காலமானார்.

நானும் அரசுப் பணியில் இருந்தவன். நாற்காலிக்காக ஒரு கையெழுத்துப் போடுவது எத்தனை சுலபம் என்பதை அறிவேன். அதனால்தான் அவர் போடாத கையெழுத்து எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.